மடிக்கணினிக்குள் பல வயதுகள்

(மாவட்ட மைய நூலக அரங்கில் மாணவர்கள், ஆசிரியர்கள், சர்வீஸ் தொழிலாளர்கள் முன்னிலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"லேப்டாப் பழசாயிடுச்சு, புதுசு வாங்கணும்" என்று வீட்டுக்கு வீடு கேட்கிறோம். அந்த ஒரு வாக்கியத்தைத்தான் இன்று மாலை உங்களோடு சேர்ந்து பிரித்துப் பார்க்க விரும்புகிறேன்.

மடிக்கணினி மொத்தமாகக் கிழடாவதில்லை. அதற்குள் இருக்கும் பாகங்கள் தனித்தனி வேகத்தில் வயதாகின்றன. பேட்டரிக்கு ஒரு வயது, ஹார்டு டிஸ்க்குக்கு ஒரு வயது, ஃபேனுக்கு ஒரு வயது, பிராசஸருக்கு ஒரு வயது. மிகக் குறைந்த ஆயுள் கொண்ட பாகம் ஓய்ந்துபோகும் நாளில், இன்னும் பத்து ஆண்டு உழைக்கக்கூடிய மற்ற பாகங்களையும் சேர்த்துக் குப்பைக்கு அனுப்பிவிடுகிறோம். எந்தப் பாகத்துக்கு வயதாகிவிட்டது என்று கண்டுபிடித்து, அதை மட்டும் மாற்றத் தெரிந்துகொள்வதுதான் லேப்டாப்பைப் பிரிப்பதன் பொருள்.

இது நம் ஊருக்குப் புதிய அறிவல்ல. கிணற்று மோட்டார் எரிந்துவிட்டால் விவசாயி புது பம்புசெட் வாங்க ஓடுவதில்லை. மோட்டாரைக் கழற்றிக்கொண்டு டவுனுக்குப் போய்க் காயில் கட்டிக்கொண்டு வருகிறார். இரும்புக் கூட்டுக்கும் செம்புக் கம்பிக்கும் ஆயுள் வேறு வேறு என்று அவருக்குத் தெரியும். அந்தத் தெளிவு மேசைமேல் இருக்கும் கணினி விஷயத்தில் மட்டும் நமக்கு ஏன் வராமல் போக வேண்டும்?

முதலில் பேட்டரியைப் பார்ப்போம். லேப்டாப்பில் மிகச் சீக்கிரம் மூப்படைவது அதுதான். லித்தியம் அயான் செல்லுக்குள் ஒவ்வொரு முறை சார்ஜ் ஏறி இறங்கும்போதும் சிறிதளவு லித்தியம் மின்முனையின் மேற்பரப்பில் ஒரு படலமாகச் சிறைப்பட்டுவிடுகிறது. அது திரும்ப வேலைக்கு வராது. சில நூறு சுற்றுகளுக்குப் பிறகு பேட்டரி பிடித்துவைக்கும் அளவு கண்கூடாகக் குறைகிறது. வெப்பமும் முழு சார்ஜும் சேர்ந்தால் இந்த மூப்பு இன்னும் வேகமாகும். செல் ஒன்றின் மின்னழுத்தம் 4.2 வோல்ட் அளவில் உச்சத்தில் நிற்க, சித்திரை வெயிலில் நாள் முழுவதும் சார்ஜரிலேயே கிடக்கும் லேப்டாப்பின் பேட்டரி சீக்கிரம் தளர்ந்துவிடுவது இதனால்தான். இப்போது பல லேப்டாப்களில் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்தும் வசதி இருக்கிறது. பெரும்பாலும் மேசையிலேயே வேலை செய்பவர்கள் இன்றிரவே அதைப் போட்டுவையுங்கள்.

மூப்படைந்த பேட்டரி சில சமயம் உப்பிவிடும். உள்ளே இருக்கும் திரவம் சிதைந்து வாயுவாக மாறுவதால் வரும் உப்பல் அது. அந்த வாயு தீப்பற்றக்கூடியது. டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடிமூடி சமமாக உட்காராமல் ஆடினாலோ சந்தேகப்படுங்கள். உப்பிய பேட்டரியை அழுத்தக் கூடாது, குத்தக் கூடாது, மறுபடி சார்ஜ் போடக் கூடாது. அனுபவம் இல்லாதவர்கள் அதில் கை வைக்காமல் கடைக்குக் கொண்டுபோவதே நல்லது. கழற்றியதை வீட்டுக் குப்பையில் போடவும் கூடாது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெற்று மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பை 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள் தயாரிப்பாளர்கள்மேல் வைத்திருக்கின்றன.

இரண்டாவது, ஹார்டு டிஸ்க். இங்கே ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். பழைய லேப்டாப்பில் இருக்கும் சாதாரண டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும். அதாவது வினாடிக்கு 90 சுற்று. ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி. நமக்கு வேண்டிய தகவல், அதைப் படிக்கும் முள்ளின் கீழே வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், அதற்கு ஐந்தரை மில்லி வினாடி. முள் சரியான தடத்துக்கு நகர இன்னொரு 12 மில்லி வினாடி அளவு. மொத்தம் பதினேழு, பதினெட்டு மில்லி வினாடி. ஆக, அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்னக் கோப்புகளை ஒரு வினாடியில் ஐம்பது, அறுபது முறைதான் அந்த டிஸ்க்கால் எட்டிப் பிடிக்க முடியும். கணினி ஆன் ஆகும்போது இத்தகைய சின்ன வாசிப்புகள் ஆயிரக்கணக்கில் நடக்கின்றன. பிராசஸர் வேலை செய்யத் தயாராக இருந்தும் முள்ளுக்காகக் காத்துக் கிடக்கிறது. "சிஸ்டம் ஸ்லோ" என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தக் காத்திருப்புதான்.

ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றாக வரும் எஸ்எஸ்டியில் சுழலும் தட்டு இல்லை, முள் இல்லை. அதே சின்ன வாசிப்பை அது ஒரு மில்லி வினாடியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடித்துவிடும். பழைய லேப்டாப்பின் 2.5 அங்குல டிஸ்க்கைக் கழற்றிவிட்டு அதே சாட்டா இணைப்பில் ஒரு எஸ்எஸ்டியைப் பொருத்தினால், பிராசஸர் மாறாமலேயே புதுக் கணினி வாங்கியதுபோல் இருக்கும். ராம் போதுமான அளவு இருக்கிறதென்றால், செலவழிக்கும் பணத்துக்கு இதைவிடப் பலன் தரும் மாற்றம் லேப்டாப்பில் வேறில்லை.

2011 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். பல லட்சம் மாணவர்களுக்கு, அவர்களில் பெரும்பாலோர் குடும்பத்துக்கே முதல் கணினியாக, அந்த மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன. தொடக்க ஆண்டுகளில் வந்தவற்றில் இருந்தது சுழலும் ஹார்டு டிஸ்க். அவற்றில் எத்தனையோ இன்று பீரோவின் மேல் தூசி படிந்து கிடக்கின்றன. அப்படிக் கிடப்பவற்றை எடுத்து ஒரு எஸ்எஸ்டியும் கூடுதல் ராமும் போட்டால், எழுதவும் படிக்கவும் நிரல் கற்கவும் அந்த வீட்டின் அடுத்த பிள்ளைக்கு உதவும். அரசின் பணத்தில் வந்த சொத்து அது. அதன் ஆயுளை நீட்டுவது நம் கையில் இருக்கிறது.

மூன்றாவது, வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு. பிராசஸரின் மேல் ஒரு செம்புத் தகடு, அதிலிருந்து ஒரு செம்புக் குழாய், குழாயின் முனையில் மெல்லிய உலோகச் செதில்கள், அவற்றை ஊதும் ஃபேன். பிராசஸரும் செம்புத் தகடும் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரிந்தாலும் நுண்ணளவில் மேடு பள்ளம் நிறைந்தவை. அந்தப் பள்ளங்களில் காற்று நின்றால் வெப்பம் கடக்காது. அதை நிரப்பத்தான் தெர்மல் பேஸ்ட். சில ஆண்டுகளில் அது காய்ந்துபோகும், ஓரங்களுக்கு ஒதுங்கும். இன்னொரு பக்கம், ஃபேனுக்கும் செதில்களுக்கும் நடுவில் தூசியும் நூலும் சேர்ந்து கம்பளி விரித்ததுபோல் அடைத்துக்கொள்ளும். பிராசஸர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானாகவே குறைத்துக்கொள்கிறது. ஆக, "மெதுவாகிவிட்டது" என்று நாம் குறை சொல்லும் பிராசஸர் பல வீடுகளில் மூச்சுத் திணறிக்கொண்டிருக்கிறது. ஃபேனைக் கழற்றித் தூசியை எடுத்து, பழைய பேஸ்ட்டைத் துடைத்துப் புதுசு போட்டால் பழைய வேகம் திரும்பிவிடும்.

ராமும் பிராசஸரும் வேறு வகை. அவை தேய்வதில்லை. சரியான வெப்பத்தில் இருந்தால் பத்து, பதினைந்து ஆண்டுகள்கூடப் பழுதின்றி ஓடும். அவற்றுக்கு மூப்பு வெளியிலிருந்து வருகிறது. மென்பொருள் பெருத்துக்கொண்டே போகிறது, இணையதளங்களும் பெருத்துக்கொண்டே போகின்றன. 4 ஜிபி ராம் ஒரு காலத்தில் தாராளம், இன்று பிரவுசருக்கே போதவில்லை. இன்னும் கொடியது, மென்பொருள் நிறுவனம் தேதி குறித்துத் திணிக்கும் மூப்பு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11-க்கோ டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசஸரும் வேண்டும். ஒரு டிரான்சிஸ்டர்கூடக் கெடாத எத்தனையோ கணினிகள் அந்தத் தேதியில் கிழடாக அறிவிக்கப்பட்டுவிட்டன. அவற்றில் இலவச இயங்குதளங்களான உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ நிறுவினால் இன்னும் பல ஆண்டு பாதுகாப்பாக ஓடும். ஸ்க்ரூ டிரைவர் எடுக்காமலேயே செய்யக்கூடிய பழுதுநீக்கம் இது.

ஆகவே, திறப்பதற்கு முன் கண்டறியுங்கள். டாஸ்க் மேனேஜரைத் திறந்து வையுங்கள். எந்த வேலையும் கொடுக்காதபோதே டிஸ்க் 100 சதவீதத்தில் நிற்கிறதா? எஸ்எஸ்டி தேவை. மெமரி எப்போதும் நிரம்பி வழிகிறதா? ராம் தேவை. லேப்டாப் கைக்குச் சூடாகி, பிராசஸர் வேகம் இறங்குகிறதா? தூசியும் பேஸ்ட்டும். விண்டோஸிலேயே பேட்டரி அறிக்கை எடுக்கலாம். தயாரித்தபோது இருந்த கொள்ளளவையும் இன்றைய கொள்ளளவையும் அது பக்கத்துப் பக்கத்தில் காட்டும். இந்தச் சோதனைகள் அரைமணி நேர வேலை. பல ஆயிரம் ரூபாயை மிச்சப்படுத்தும் அரைமணி நேரம்.

இனி, திறப்பது. முதல் வேலை, முக்கியமான கோப்புகளை வேறிடத்தில் பிரதியெடுத்து வைப்பது. அடுத்து, அடிப்பக்கத்தில் இருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு பராமரிப்புக் கையேட்டைத் தேடுவது. திங்க்பேட் போன்ற வரிசைகளுக்கு ஒவ்வொரு ஸ்க்ரூவும் எங்கே, எந்த வரிசையில் கழற்றுவது என்று படத்தோடு விளக்கும் கையேட்டை நிறுவனமே வெளியிடுகிறது. அதைப் படிக்காமல் நெம்பத் தொடங்காதீர்கள்.

கணினியை முழுமையாக ஷட் டவுன் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிடுங்கள். ஸ்லீப் போதாது. ஒரு தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தைக் கோட்டுப் படமாக வரைந்து, கழற்றும் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் அதனதன் இடத்தில் குத்தி வையுங்கள். நீளமான ஸ்க்ரூவைக் குட்டையான ஸ்க்ரூவின் துளையில் முறுக்கினால் அது மதர்போர்டையோ மேல்மூடியையோ துளைத்துவிடும். பிரித்ததால் கெட்டுப்போன பல லேப்டாப்களின் கதை இந்த ஒரு ஸ்க்ரூவில்தான் முடிந்திருக்கிறது. எல்லா ஸ்க்ரூவையும் எடுத்தும் மூடி வரவில்லை என்றால் பலத்தைக் காட்டாதீர்கள். ரப்பர் காலுக்கு அடியிலோ ஸ்டிக்கருக்கு அடியிலோ இன்னொன்று ஒளிந்திருக்கும். ஓரத்தை நெம்புவதற்கு உலோகம் வேண்டாம், மெல்லிய பிளாஸ்டிக் பட்டை போதும்.

மூடி வந்ததும் செய்ய வேண்டிய முதல் காரியம் பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடக் கூடாது. பிறகு பவர் பட்டனைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால் மிச்சமிருக்கும் மின்சாரமும் வடிந்துவிடும். உடம்பில் நிலைமின்சாரம் தங்காமலிருக்க, தரையோடு இணைப்புள்ள உலோகம் ஒன்றைத் தொட்டுவிட்டுத் தொடங்குங்கள். கீபோர்டு, டச்பேட் ரிப்பன் கேபிள்களை இழுக்காதீர்கள். கனெக்டரில் ஒரு சின்னப் பூட்டு இருக்கும், அதை நிமிர்த்தினால் கேபிள் தானாகவே வழிவிடும்.

ராம் வாங்கும்போது வகையைப் பாருங்கள். லேப்டாப்புக்கான டிடிஆர்3 ராமில் 204 முனைகள், டிடிஆர்4-இல் 260, டிடிஆர்5-இல் 262. நடுவிலுள்ள வெட்டும் இடம் மாறி இருப்பதால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் உட்காராது. உட்காரவில்லை என்றால் அழுத்தாதீர்கள், வாங்கியது தவறு என்று பொருள். சரியான ராமைச் சற்றுச் சாய்வாகச் செருகிக் கீழே அழுத்தினால் இரு பக்கக் கொக்கிகளும் 'டக்' என்று பிடித்துக்கொள்ளும். எம்.2 என்ற மெல்லிய பட்டை வடிவப் புது எஸ்எஸ்டி என்றால் நீளமும், சாட்டாவா என்விஎம்இயா என்பதும் முக்கியம். 2280 என்ற எண் 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்பதைக் குறிக்கிறது. தூசி தட்டும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். எல்லாம் முடிந்தபின் பேட்டரி கனெக்டரைக் கடைசியாகப் பொருத்துங்கள்.

இவ்வளவும் செய்ய முடிவதற்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. சீக்கிரம் மூப்படையும் பாகம், நீண்டநாள் வாழும் பாகத்திலிருந்து பிரியும்படி இருக்க வேண்டும். கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் லேப்டாப் வடிவமைப்பு இதற்கு நேர் எதிராகவே பெரிதும் நடந்திருக்கிறது. 2012 ஜூனில் ஆப்பிள் வெளியிட்ட ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ராம் மதர்போர்டோடு சாலிடர் செய்யப்பட்டிருந்தது, பேட்டரி உடலோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. பழுதுநீக்கக் கையேடுகளை இலவசமாகத் தரும் ஐஃபிக்ஸிட் அதற்குப் பத்துக்கு ஒன்று என்று மதிப்பெண் போட்டது. மற்றவர்களும் அதே பாதையில் போனார்கள். 2018-இல் வந்த திங்க்பேட் டி480-இல் ராமுக்கு இரண்டு ஸ்லாட் இருந்தது, பின்பக்க பேட்டரியை ஸ்க்ரூ டிரைவர் இல்லாமலேயே கழற்றலாம். அடுத்த ஆண்டு வந்த டி490-இல் ராமின் ஒரு பகுதி சாலிடர் ஆகிவிட்டது, கழற்றும் பேட்டரியும் போய்விட்டது.

இதற்குப் பொறியியல் காரணம் இல்லாமலில்லை. குறைந்த மின்சாரத்தில் வேகமாக ஓடும் எல்பிடிடிஆர் வகை ராமுக்கு, பிராசஸரிலிருந்து வரும் மின்தடங்கள் மிகக் குட்டையாக இருக்க வேண்டும். பழைய வகை ஸ்லாட் அதற்கு ஒத்துவராது. ஆனால் அந்தக் காரணத்துக்கும் இப்போது விடை வந்துவிட்டது. 2023 டிசம்பரில் ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு வெளியிட்ட கேம்2 தரத்தின்படி, அதே எல்பிடிடிஆர் ராமை ஸ்க்ரூவால் முடுக்கிப் பொருத்தலாம், வேண்டும்போது கழற்றலாம். 2024-இல் திங்க்பேட் பி1 ஏழாம் தலைமுறையில் அது வந்தது. அதே ஆண்டு டி14 ஐந்தாம் தலைமுறையில் இரண்டு ராம் ஸ்லாட்கள் திரும்பி வந்தன. ஐஃபிக்ஸிட்டோடு கலந்து வடிவமைத்த அந்த மாடலுக்குப் பத்துக்கு ஒன்பது கிடைத்தது. சான்ஃபிரான்சிஸ்கோவின் ஃபிரேம்வொர்க் நிறுவனம் 2021-இல் வெளியிட்ட லேப்டாப்பின் பெட்டிக்குள்ளேயே ஸ்க்ரூ டிரைவர் வைத்திருந்தது. 2022-இல் அதே உடலுக்குள் புதிய தலைமுறை மதர்போர்டை வாங்கிப் போட்டுக்கொள்ளவும் வழி செய்தது. மெல்லிய, வேகமான, பிரிக்கக்கூடிய லேப்டாப் செய்ய முடியும் என்பது நிரூபணமாகிவிட்டது. இனி நடப்பது நிறுவனங்களின் விருப்பம், நம்முடைய வற்புறுத்தல், அரசின் சட்டம்.

சட்டம் நகரத் தொடங்கியிருக்கிறது. பிரான்சில் 2021 ஜனவரி முதல் லேப்டாப் விற்கும் இடத்திலேயே பழுதுநீக்கக் குறியீட்டைப் பத்துக்கு இத்தனை என்று காட்டியாக வேண்டும். கையேடு கிடைக்கிறதா, பிரிக்க எளிதா, உதிரிபாகம் கிடைக்கிறதா, அதன் விலை என்ன என்பதெல்லாம் அந்த மதிப்பெண்ணில் சேரும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், கையடக்கச் சாதனங்களின் பேட்டரியைப் பயனாளரே கழற்றி மாற்றும்படி செய்ய வேண்டும் என்பது விதி, சில விலக்குகளோடு. நம் நாட்டில் 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. உதிரிபாகங்களையும் பழுதுநீக்கும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குத் தராமல் அடைத்துவைப்பது போட்டிச் சட்டத்துக்கு முரண் என்றது. 2022 ஜூலையில் நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கான குழுவை அமைத்தது, அதே ஆண்டு டிசம்பரில் அதற்கென இணையவாசலையும் திறந்தது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என நான்கு துறைகளை அது முன்னுரிமையாக எடுத்துக்கொண்டது. நல்ல தொடக்கம். ஆனால் கடையில் லேப்டாப் பெட்டியின்மேல் பழுதுநீக்க மதிப்பெண்ணைப் பார்த்து வாங்கும் உரிமை நமக்கும் வர வேண்டும், கட்டாயமாக வர வேண்டும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? 2022-ஆம் ஆண்டு மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்னணுக் கழிவை உண்டாக்கியது என்று ஐ.நா. அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது 22.3 சதவீதம். ஒரு லேப்டாப் தன் ஆயுளில் உண்டாக்கும் கரிம உமிழ்வில் பெரும்பங்கு, நாம் அதை ஆன் செய்வதற்கு முன்பே சுரங்கத்திலும் சிப் ஆலையிலும் முடிந்துவிடுகிறது. மின்சாரம் குறைவாகத் தின்னும் புது மாடல் வாங்குவதால் அதை ஈடுகட்டிவிட முடியாது. இருப்பதை இன்னும் நான்கு ஆண்டு ஓட்டுவதே மிகப் பெரிய சேமிப்பு.

இதில் வேலைவாய்ப்பும் இருக்கிறது. சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவிலும், ஒவ்வொரு ஊரின் பேருந்து நிலையத்தை அடுத்த சின்னக் கடைகளிலும் இந்தக் கலையைக் கையில் வைத்திருப்பவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். பட்டம் வாங்காமல், மேசைமேல் வரும் ஒவ்வொரு போர்டிலிருந்தும் கற்றவர்கள் அவர்கள். உதிரிபாகமும் சர்க்யூட் வரைபடமும் அவர்களுக்குக் கிடைக்காதபடி செய்யும் ஒவ்வொரு வடிவமைப்பும் அவர்கள் பிழைப்பையும் நம் சேமிப்பையும் சேர்த்தே அழிக்கிறது.

ஆகவே மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, ஆசிரியர்களுக்கு. உங்கள் பள்ளியில், கல்லூரியில் ஓரங்கட்டப்பட்ட லேப்டாப்களை மாணவர் முன் மேசையில் வையுங்கள். கணினியின் பாகங்களைப் படம் வரைந்து மனப்பாடம் செய்யும் பிள்ளைகள் அவற்றைக் கையால் கழற்றிப் பூட்டட்டும். இரண்டாவது, சர்வீஸ் தோழர்களுக்கு. வாடிக்கையாளர் கண்முன் திறந்து காட்டுங்கள், எது மூப்படைந்தது என்று சொல்லி விளக்குங்கள். கழற்றிய பழைய பாகத்தை அவர் கையில் கொடுத்துக் காட்டுங்கள். அந்த நேர்மைதான் உங்கள் தொழிலுக்கு ஆதரவாகக் குரல் கொடுக்கும் மக்களை உருவாக்கும். மூன்றாவது, வாங்கும் நம் எல்லோருக்கும். அடுத்த முறை கடைக்குப் போகும்போது திரையின் பளபளப்பைப் பார்ப்பதற்கு முன் கேளுங்கள்: பேட்டரியை மாற்ற முடியுமா? ராமுக்கு ஸ்லாட் இருக்கிறதா, எல்லாமே சாலிடரா? எஸ்எஸ்டி தனியாகக் கழலுமா? கையேடும் உதிரிபாகமும் கிடைக்குமா? விற்பவருக்குப் பதில் தெரியவில்லை என்றால் தெரிந்துகொண்டு வரச் சொல்லுங்கள். ஆயிரம் பேர் இந்தக் கேள்விகளைக் கேட்டால் கடைக்காரர் நிறுவனத்தைக் கேட்பார். லட்சம் பேர் கேட்டால் நிறுவனம் பதில் சொல்லியே ஆக வேண்டும்.